தராசுக்கு இரண்டு நாவா?

பிரிட்டிஷ் சர்க்கார் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி தம் நாட்டு மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். எலிஸபெத் ராணியார் பட்டமேற்று எழுபது ஆண்டு நிறைவெய்தியதைக் கொண்டாடிய நாட்கள் அவை. காய்கறியும் கனியும் மாமிசமும் நிறுத்து விற்கும் கடைக்காரர்கள், கிராம், கிலோ என்ற பேச்சையே எடுக்காமல், பழையபடி ராத்தலிலும் அவுன்ஸிலும் வியாபாரம் செய்ய அனுமதிக்கலாமா என்பதே அதன் சாரம். ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியதால் கிடைத்த பலன்களுள் இதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று அவர்கள் கருதினார்கள். கேள்வித்தாளில் முக்கியமான கேள்விக்குக் கொடுத்திருந்த விடைகளோ இரண்டே. இம்பீரியல் அளவில் வாங்க விரும்புகிறீரா, அல்லது இம்பீரியல் அளவுடன் மெட்ரிக் அளவையும் சேர்த்துக் காட்ட வேண்டுமா? மெட்ரிக் அளவு ஒன்றே போதும் என்பவருக்கு அங்கே இடமில்லை. சாட்சியின் வாயில் பதிலைத் திணிப்பது என்று நியாயஸ்தலங்களில் ஆட்சேபிக்கப்படும் கேள்விகளின் இனத்தைச் சேர்ந்தது அது.

ஆயினும் சாட்சி மசியவில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். அவர்களில் 98.7 சதவீதம் பேர், மெட்ரிக் அளவே முதன்மையாக இருக்கட்டும், அல்லது அது ஒன்றே போதும் என்றார்கள். 2023 டிசம்பரில் சர்க்கார் அந்த யோசனையைக் கைவிட்டனர். ஆறுதலாக ஒன்று மட்டும் அறிவித்தனர்: திராட்சை மதுவை இனிப் பைண்ட் புட்டிகளிலும் அடைத்து விற்கலாமாம்! வின்ஸ்டன் சர்ச்சில் விரும்பிய புட்டி அது என்பது அதற்குரிய பெருமை.

தூரதேசத்து மளிகைக் கடைத் தகராறு நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ராத்தலும் அவுன்ஸும் காலனும் நம் நாட்டையும் ஆண்டவை. நாம் அவற்றுக்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டோம். அவற்றைப் பெற்றெடுத்தவர்கள் இன்னும் அனுப்பி முடிக்கவில்லை. ஒரு ஜாதியார் தாம் உண்ணும் ரொட்டியையும் அருந்தும் பாலையும் எந்தக் கல்லால் நிறுப்பது, எந்தப் படியால் அளப்பது என்று அறுபது ஆண்டுகளாக முடிவு செய்யாமல் இருந்தால், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது ஆராயத் தக்கது. அளவு என்பது வெறும் கணக்கு வாத்தியாரின் விஷயமன்று. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இடையே பலம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அது காட்டுகிறது.

ஆங்கிலேயர் வீட்டு மேஜை

முதலில் அந்நாட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்ப்போம். காலையில் பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் கண்ணாடிப் புட்டி ஒரு பைண்ட். திருப்பித் தரவேண்டிய புட்டியில் விற்கும் பாலுக்குப் பைண்ட் அளவைச் சட்டமே விலக்காக அனுமதித்திருக்கிறது. அதே பாலைப் பெருங்கடையில் வாங்கினால், பிளாஸ்டிக் குடுவையின்மீது 2.272 லிட்டர் என்று அச்சிட்டிருக்கும். இது என்ன விபரீதமான எண் என்று திகைக்க வேண்டாம். அது நான்கு பைண்ட். அடுத்த தட்டில் வேறொரு கம்பெனியின் பால் இரண்டு லிட்டர்க் குடுவையில் இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். உள்ளே கால் லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

ரொட்டி 800 கிராம். சர்க்கரைப் பாகு டப்பா 454 கிராம், அதாவது ஒரு ராத்தல். டின்னில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சி 340 கிராம், அதாவது 12 அவுன்ஸ். 227 கிராம் என்று கண்டால் அது அரை ராத்தல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புதிய உடை உடுத்திக்கொண்ட பழைய மனிதர்கள் இவர்கள். சட்டத்துக்குக் கிராமைக் காட்டிவிட்டு, உள்ளே ராத்தலாகவே வாழ்கிறார்கள்.

மாலையில் அவர் மதுக்கடைக்குப் போனால் வேடிக்கை இன்னும் அதிகம். பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீரைப் பைண்டிலோ, அரைப் பைண்டிலோ, மூன்றிலொரு பைண்டிலோதான் விற்கலாம். 2011 முதல் மூன்றில் இரண்டு பைண்டுக்கும் அனுமதி உண்டு. லிட்டர்க் கணக்கில் கொடுத்தால் சட்டவிரோதம். ஆனால் அதே மேஜையில் அவருடைய நண்பர் அருந்தும் திராட்சை மது 125 அல்லது 175 மில்லிலிட்டர். மூன்றாமவரின் விஸ்கி 25 அல்லது 35 மில்லிலிட்டர். 1995-க்கு முன்னர் விஸ்கியைக் கில் என்ற பழைய அளவின் பின்னமாக அளந்தார்கள். இங்கிலாந்தில் ஆறிலொரு கில். ஸ்காட்லாந்தில் ஐந்திலொன்று அல்லது நாலிலொன்று. மதுவிலக்கை விரும்பும் நம் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நாம் இங்கே எடுத்துக்கொண்டது குடியையன்று, குடத்தின் அளவை.

சமையலறையிலும் இதே கதை. ஓர் அவுன்ஸ் என்பது 28.35 கிராம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு மாவு பிசைய முடியாதாகையால் சமையல் புத்தகங்கள் அதை 25 என்றோ 30 என்றோ திருத்தி அச்சிடுகின்றன. 6 அவுன்ஸ் மாவு ஒரு புத்தகத்தில் 150 கிராம், மற்றொன்றில் 180 கிராம். உண்மையில் அது 170 கிராம். ஆகவே, ‘ஒரு வரிசையை மட்டும் பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்’ என்னும் எச்சரிக்கை அப்புத்தகங்களில் வழக்கமாகக் காணப்படும். முட்டையும் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் சம எடையாகச் சேர வேண்டிய கேக்கில், மாவுக்கு ஒரு வரிசையும் சர்க்கரைக்கு ஒரு வரிசையும் பார்த்தால் என்னவாகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளே சொல்வார்கள்.

இந்த எச்சரிக்கை சமையலுக்கு மட்டும் உரியதன்று. இம்பீரியல் முறை கெட்டது, மெட்ரிக் முறை நல்லது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கூறவில்லை. எந்த முறையானாலும் அது ஒன்றாக இருக்கும்வரை தீங்கு குறைவு. பீர் பைண்டில் மட்டும் விற்கும்வரை யாரும் ஏமாறுவதில்லை. அரசாங்க முத்திரையிட்ட கண்ணாடிக் குவளையில் எல்லாக் கடையிலும் அதே அளவு. விலையை ஒப்பிடச் சிறு பிள்ளையாலும் முடியும். ஒரே பண்டத்தை ஒரே கடைத் தெருவில் இரண்டு அளவுகளில் விற்கும்போதுதான் வாங்குகிறவனுக்கு ஆபத்து பிறக்கிறது.

பைண்ட் என்பது எது?

பழைய அளவுகளைப் பற்றிப் பெருமை பேசுவோர், அவை என்றும் மாறாத முன்னோர் சொத்து என்று கூறுவது வழக்கம். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. நாடெங்கும் மதுவுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று 1215-ஆம் வருஷத்து மாக்னா கார்ட்டாவே விதித்தது. அறுநூறு வருஷங்களுக்குப் பின்னரும் இங்கிலாந்தில் திராட்சை மதுவுக்கு ஒரு காலன், பீருக்கு ஒரு காலன், தானியத்துக்கு ஒரு காலன் என்று மூன்று காலன்கள் இருந்தன. 1824-ஆம் வருஷத்துச் சட்டந்தான் அவற்றை ஒழித்து, 10 ராத்தல் சுத்த ஜலம் கொள்ளும் ஒரே காலனை ஏற்படுத்திற்று. அது 1826-ல் அமலுக்கு வந்தது. ஏகாதிபத்தியம் முழுவதுக்கும் பொதுவானது என்பதால் அதற்கு இம்பீரியல் என்று பெயர். ஆகவே, இன்று மரபு என்று போற்றப்படுவது தன் காலத்தில் ஒரு பெரிய சீர்திருத்தமாகவே இருந்தது.

அமெரிக்கர்கள் அதற்கு முன்பே பிரிந்து போனவர்கள். அவர்கள் ஆன் ராணி காலத்துத் திராட்சை மதுக் காலனையே வைத்துக்கொண்டார்கள். அதன் பலனாக, பைண்ட் என்ற ஒரே சொல் லண்டனில் 568 மில்லிலிட்டர், நியூயார்க்கில் 473 மில்லிலிட்டர். தென் ஆஸ்திரேலியாவில் போய்ப் பைண்ட் என்று கேட்டால் 425 மில்லிலிட்டர்தான் வரும். நம் நாட்டிலோ 330 மில்லிலிட்டர் கொண்ட சிறிய பீர்ப் புட்டிக்குப் பைண்ட் என்று பெயர் வழங்குகிறது! பெயர் நான்கு தேசங்களிலும் ஒன்றுதான். பெயரை நம்பிப் பணம் கொடுத்தவனின் கதி என்ன?

பத்து பத்தாகப் பெருகும் அளவுமுறை அந்நியச் சரக்கு என்று இங்கிலாந்தில் சிலர் கூறுவதும் பொருந்தாது. 1668-லேயே ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், உலகுக்கெல்லாம் பொதுவான தசாம்ச அளவுமுறையொன்றை எழுதி வெளியிட்டார். 1862-ல் பார்லிமெண்டுக் கமிட்டியொன்று மெட்ரிக் முறையையே சிபாரிசு செய்தது. 1965-ல் அம்முறைக்கு மாறுவதென்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தபோது, அவர்கள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேருவதற்கு இன்னும் எட்டு வருஷங்கள் இருந்தன. பத்தைக் கொண்டு எண்ணும் கலையே பாரத நாட்டிலிருந்து அராபியர் வழியாக மேற்கே சென்றது என்பதையும் சேர்த்து நினைத்தால், யாருக்கு எது அந்நியம் என்ற விவாதம் அடங்கிப்போகும்.

வாழைப்பழ வழக்கு

1965-ல் தொடங்கிய வேலை ஏன் முடியவில்லை? வழிகாட்டுவதற்கென்று 1969-ல் ஏற்பட்ட போர்டு 1980-ல் கலைக்கப்பட்டது. பொட்டலமிட்ட சரக்குகள் 1995-ல் மாறின. நிறுத்து விற்கும் சரக்குகள் 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிதான் மாறின. பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறை முழுவதும் கிராமைப் படித்துவிட்டு, கடைத்தெருவில் ராத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி ஆற்றில் நிறுத்திய பரிசலைப்போல மக்கள் தவித்தார்கள்.

அப்போதுதான் ஸ்டீவன் தோபர்ன் என்பவரின் வழக்கு எழுந்தது. அவர் சுந்தர்லாந்து நகரத்துக் காய்கனி வியாபாரி. ராத்தல் மட்டும் காட்டும் தராசில் வாழைப்பழம் நிறுத்து விற்றார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2001 ஏப்ரலில் கீழ்க் கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் தண்டனையொன்றும் விதிக்காமல் நிபந்தனையின்பேரில் விடுவித்தது. வேறு சில வியாபாரிகளுடன் சேர்ந்து அவர் ஹைகோர்ட்டுக்குப் போனார். ராத்தலை அனுமதித்த 1985-ஆம் வருஷத்துச் சட்டம் பிந்தியது, ஐரோப்பிய உத்தரவுகளுக்கு இடங்கொடுத்த 1972-ஆம் வருஷத்துச் சட்டம் முந்தியது, பிந்தியது முந்தியதை ரத்து செய்யும் என்பது அவர்கள் வாதம். 2002 பிப்ரவரியில் லார்டு ஜஸ்டிஸ் லாஸ் அதை மறுத்தார். மாக்னா கார்ட்டாவைப்போன்ற சில சட்டங்கள் அரசியலமைப்புத் தன்மை வாய்ந்தவை, பின்வரும் சாதாரணச் சட்டம் ஒன்று மௌனமாக அவற்றை ரத்து செய்துவிடாது, 1972-ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார். எழுதப்பட்ட அரசியல் சட்டமில்லாத நாட்டில், அரசியல் சட்டத் தத்துவத்தில் பெரியதோர் அத்தியாயம் ஒரு வாழைப்பழச் சீப்பிலிருந்து பிறந்தது!

தோபர்ன் 2004-ல், 39-ஆம் வயதில், காலமானார். அவரை நாம் பரிகசிக்க மாட்டோம். தம் வாடிக்கைக்காரர்கள் கேட்ட மொழியில் அவர்களுக்குச் சரக்கு விற்றவர் அவர். பாட்டனார் காலத்துச் சொல்லை விட மனமில்லாதவர்களின் உணர்ச்சி நமக்கு விளங்காததன்று. அவர்கள் சொல்லை யாரும் பறிக்கவுமில்லை. ‘ஒரு ராத்தல் ஆப்பிள் கொடு’ என்று கேட்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. கடைக்காரர் அதைக் கிராமில் நிறுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கிலோ விலையின் பக்கத்தில் ராத்தல் விலையையும் எழுதிவைக்கலாம். கிலோ விலையைவிட அது பெரிய எழுத்தில் இருக்கக் கூடாது.

நஷ்டம் யாருக்கு?

எழுத்தின் அளவுக்குக்கூட ஏன் விதி என்று கேட்கலாம். கிலோ 2 பவுன் 20 பென்ஸ் என்பதும், ராத்தல் 1 பவுன் என்பதும் ஏறக்குறைய ஒரே விலை. ஆனால் பலகையில் எது மலிவாகத் தோன்றும்? தமிழில் நிறைக்கு ராத்தல் என்றும் நாணயத்துக்குப் பவுன் என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சரக்கு எவ்வளவு, காசு எவ்வளவு என்ற வேறுபாடு மனத்தில் மங்கும்.

இன்னோர் உதாரணம். ஒரு கடையில் தக்காளி ராத்தல் 90 பென்ஸ். அடுத்த கடையில் கிலோ 1 பவுன் 90 பென்ஸ். எது சகாயம்? கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும் ஒரு தாயார், ஒரு கிலோவுக்கு 2.2046 ராத்தல் என்று பெருக்கிப் பார்த்து, முதற்கடையில் கிலோ 1 பவுன் 98 பென்ஸ் ஆகிறது, இரண்டாவது கடையே மலிவு என்று கண்டுபிடிப்பாரா? பணக்காரர் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தே தீரவேண்டிய ஏழைக்குத்தான் கணக்கு கடினமாக்கப்படுகிறது. இரண்டு அளவுகள் உள்ள சந்தையில் ஒவ்வொரு பென்ஸையும் எண்ணிச் செலவழிப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

மெட்ரிக் முறை வந்தவுடன் வியாபாரிகள் யாவரும் தர்மபுத்திரர்களாகி விடுவார்கள் என்பதுமில்லை. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், கடைகள் ஒன்றுக்கொன்று ஒத்த சரக்குகளுக்கே வெவ்வேறு அலகில் விலை காட்டுவதையும், அலகு விலை அச்சு சரியாகத் தெரியாததையும் குறையாக எடுத்துக் காட்டிற்று. அளவைக் குறைத்து விலையை நிலைநிறுத்தும் தந்திரமும் புதிதன்று. யுத்தம் முடிந்தபின் 1946-ல், தானியப் பஞ்சத்தினால், பிரிட்டிஷ் சர்க்காரே 2 ராத்தல் ரொட்டியை 1¾ ராத்தலாக்கினார்கள், விலையைக் குறைக்காமலே. பஞ்சம் தீர்ந்தது. ரொட்டி பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. 1¾ ராத்தல் என்பது 794 கிராம். இன்று அந்நாட்டு மேஜைமீது இருக்கும் 800 கிராம் ரொட்டி அந்தப் பஞ்சகாலத்து ரொட்டியின் வாரிசு.

உழவன் கேட்ட மரக்கால்

மெட்ரிக் முறையை விஞ்ஞானிகள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதை வேண்டி முதலில் குரல் எழுப்பியவர்களில் பிரான்ஸ் தேசத்து உழவர்கள் முக்கியமானவர்கள். 1789-ல் அந்நாட்டு மன்னர் குடிகளின் குறைகளை எழுதித் தரச் சொன்னபோது, ஊர்தோறும் வந்த விண்ணப்பங்களில் அளவைப் பற்றிய முறையீடு நிறைந்திருந்தது. நிலப்பிரபுக்கள் தானியமாக வாரம் வாங்கினார்கள். மரக்கால் அவர்களுடையது. அது தலைமுறைக்குத் தலைமுறை சற்றே வளர்ந்துகொண்டு வந்தது. தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதும் அவர்கள் இஷ்டம். ‘எங்களுக்கு ஒரே அளவு வேண்டும்’ என்று உழவர்கள் கேட்டதன் பொருள் இதுதான். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்பதைத் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புரட்சி தந்த மெட்ரிக் முறை 1795-ல் சட்டமாயிற்று. மக்கள் உடனே ஏற்றுக்கொண்டு விடவில்லை. 1812-ல் நெப்போலியன், பழைய பெயர்களைப் புதிய அளவுகளுக்குச் சூட்டிச் சில்லறை வியாபாரத்துக்கு அனுமதித்தார். அப்படிப் பிறந்த லீவ்ர் அரை கிலோ எடையுள்ளது. இந்த இரட்டை ஏற்பாடு குழப்பத்தையே வளர்த்ததால் 1840-ஆம் வருஷ ஆரம்பத்தில் பிரான்ஸ் அதையும் ஒழித்தது. ஆனால் இன்றும் பாரிஸ் சந்தையில் ஒரு கிழவி ‘ஒரு லீவ்ர்’ என்று கேட்பாள். அவளுக்குச் சரியாக 500 கிராம் கிடைக்கும். ஜெர்மனியில் ‘ப்ஃபுண்ட்’ என்பதும் இன்று 500 கிராமே. சொல் பாட்டியுடையதாக இருக்கலாம். தராசு தேசத்துக்குப் பொதுவாக இருக்க வேண்டும். இந்த வழியில் மரபும் பிழைத்தது, நியாயமும் பிழைத்தது.

நாம் செய்ததும் செய்ய வேண்டியதும்

நமது நாட்டுக் கதையும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழர் பொறித்த சாஸனங்கள், நெல்லை எந்த மரக்காலால் அளந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை. ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்த ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் என்று தெளிவாகக் கூறும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டதனாலேயே பெயரிட்டுக் கூற வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அந்த வேற்றுமை தீரவில்லை. மணங்கு என்ற ஒரு சொல் சென்னையில் 25 ராத்தல், பம்பாயில் 28 ராத்தல், வங்காளத்தில் 82 ராத்தலுக்கும் சற்று மேல். மேயோ பிரபு ராஜப் பிரதிநிதியாயிருந்த 1871-ல், ஒரு சேர் என்பது ஒரு கிலோகிராம் என்று வகுத்த சட்டம் ஒன்றும் இங்கே நிறைவேறியது. அது சட்டப் புத்தகத்திலேயே உறங்கிப்போயிற்று. ஆளும் தேசம் கிலோவை ஏற்காதபோது ஆளப்படும் தேசத்தில் அதை நடத்தும் ஊக்கம் எங்கிருந்து வரும்?

சுதந்தரம் வந்தபின் காரியம் நடந்தது. நிறை, அளவுகளின் பிரமாணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நமது அரசியல் சட்டம் மத்திய சர்க்காரிடம் கொடுத்தது. 1956-ல் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோ எடைக்கற்கள் வந்தன. 1962-க்குள் சேரும் வீசையும் ராத்தலும் வியாபாரத்திலிருந்து விலக்கப்பட்டன. 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம்மில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கே எழுத்து வாசனை உண்டு. அப்படிப்பட்ட ஜனங்கள் ஆறே வருஷத்தில் செய்து முடித்ததை, யந்திரத் தொழிலுக்கு முன்னோடியான தேசம் அறுபது வருஷத்தில் முடிக்கவில்லை. நமது மக்கள் மெத்தப் படித்தவர்கள் என்பதன்று காரணம். தேதி குறித்து, எல்லாச் சரக்குக்கும் ஒரே விதி செய்து, பாதி வழியில் நிற்காமல் நடந்தோம். அதுவே காரணம்.

வீட்டுக்குள்ளே ஆழாக்கும் படியும் இருப்பதில் ஒரு தோஷமும் இல்லை. ‘அரிசி ஓர் ஆழாக்கு போடு’ என்று மாமியார் மருமகளுக்குச் சொல்வதில் சட்டம் தலையிடுவதில்லை. தங்கக் கடையில் சவரன் என்ற ஆங்கில நாணயத்தின் பெயர் இன்னும் வழங்குகிறது. ஆனால் தராசு அதை 8 கிராம் என்றே அறியும். லீவ்ரின் கதைதான் இதுவும்.

ஆனால் நமது கடைத்தெருவிலும் தராசுக்கு இரண்டாவது நா முளைத்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சமையல் எண்ணெயைப் பாருங்கள். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர். அடுத்தது ஒரு கிலோ. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். இரண்டும் மெட்ரிக் முறையே, இரண்டும் சட்டப்படி சரியே. ஆயினும் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிறவர் 90 கிராம் வித்தியாசத்தை அறியமாட்டார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலை மாறாத பிஸ்கோத்துப் பொட்டலங்களில் எடை மாத்திரம் இளைத்துக்கொண்டு வருவதை யார் அறியாதார்? முன்பெல்லாம் டீ, பிஸ்கோத்து, எண்ணெய் முதலிய பண்டங்களை இன்ன இன்ன எடைகளில்தான் பொட்டலமிடலாம் என்று விதி இருந்தது. 2021-ல் செய்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு அல்லது ஒரு லிட்டருக்கு விலை இவ்வளவு என்று பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும் என்று விதித்தது.

பழைய விதியில் வாங்குகிறவர் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதுகாப்புப் பெற்றார். புதிய விதியில் படிக்கிறவர் மட்டுமே பெறுவார். அதனால் பொறுப்பு நம்மீது வந்திருக்கிறது. அலகு விலை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் சரக்கில் தமிழிலும் இருக்க வேண்டும். எண்ணெயை எல்லோரும் ஒரே அளவில், லிட்டரானால் லிட்டர், கிலோவானால் கிலோ, விற்க வேண்டும். இவற்றைச் சட்டசபை அங்கத்தினர்களிடமும் அதிகாரிகளிடமும் வற்புறுத்த வேண்டியது பொதுஜன ஊழியர்களின் கடமை. மாதர் சங்கங்களும் வாசகசாலைகளும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து அலகு விலையைப் படிக்கும் பழக்கத்தைப் பரப்ப வேண்டும். ஊர்வலமும் கோஷமும் இதற்கு வேண்டியதில்லை. கடையில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.

அந்நியனுடைய ராத்தலை வெளியேற்றியதோடு நமது வேலை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. கூலிக்காரர் ஒருவர் மாலையில் கொடுக்கும் காசுக்கு இவ்வளவு எண்ணெய், இவ்வளவு பருப்பு என்று யாரிடமும் கேளாமல், கூட்டிப் பெருக்காமல், தாமே கண்டு வாங்கும் நிலை வரும்வரை, 1956-ஆம் வருஷத்துச் சட்டம் தொடங்கிய காரியம் பூர்த்தியாகவில்லை என்றே நாம் கருதுகிறோம்.